தடுப்பில் எத்தனை பேர், அனுமதி எத்தனை பேருக்கு? குடிவரவுப் புள்ளிவிபரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலைக் கச்சேரியில் புள்ளிவிபர உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைக் காலத்தில் என் மேசைக்கு வந்தவை நெல் விளைச்சல், மீன்பிடி, தொகைமதிப்புப் படிவம். இப்போது உவர்மலையில் என் வீட்டு விறாந்தைக்கு வருவது வேறு கணக்கு. ஒருவரின் மகன் அவுஸ்திரேலியாவில் தடுப்பு முகாமில் இருக்கிறான். இன்னொருவரின் மருமகனுக்கு இங்கிலாந்தில் கேஸ் முடியவில்லை. வேறொருவரின் தம்பி கடைசியாக மெக்சிக்கோவில் இருந்து பேசினான். எல்லோரும் கைபேசியில் ஏதோ ஓர் அட்டவணையைத் திறந்துகொண்டுதான் படியேறுகிறார்கள்.

சில காலத்துக்கு முன் திருக்கடலூரில் இருந்து ஒரு தாய் வந்தார். அட்டவணையில் 'ஸ்ரீலங்கா' என்ற வரியில் விரலை வைத்தபடி, "ஐயா, இந்த எண்ணுக்குள் என் மகன் இருக்கிறானா?" என்று கேட்டார். நான் வரியைப் பார்க்கவில்லை, தலைப்பைப் பார்த்தேன். ஜூன் 30 நிலவரம் என்று இருந்தது. மகன் கரையை விட்டுப் போனது ஓகஸ்டில். "இதில் இல்லை அம்மா" என்றேன். அவர் முகத்தில் வந்தது ஆறுதலா ஏமாற்றமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு, வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எழுதி வைக்கத் தொடங்கினேன்.

அனுமதி என்றால் என்ன, தடுப்பு என்றால் என்ன?

ஒரு நாட்டுக்குள் சட்டப்படி நுழையவோ தங்கவோ அந்த அரசு இடம் கொடுப்பது அனுமதி. விசா இல்லை, அல்லது இருந்த விசா போய்விட்டது என்பதற்காக ஓர் ஆளை அடைத்து வைப்பது தடுப்பு. குற்றத்துக்கான சிறைத் தண்டனை வேறு. தடுப்பு நிர்வாக உத்தரவின் பேரில் நடப்பது. அதனால்தான் பல நாடுகளில் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் இல்லாமலே மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் இது 1992 முதல் கட்டாயம். விசா இல்லாதவரைத் தடுத்து வைப்பதா விடுவதா என்று யோசிக்க அதிகாரிக்கே இடமில்லை.

விசா கொடுத்தது இத்தனை பேருக்கு என்கிறார்கள். அத்தனை பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்களா?

இல்லை. இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

விசா கொடுத்த நாள் ஒரு கணக்கு. விமானநிலையத்தில் முத்திரை விழுந்த நாள் இன்னொரு கணக்கு. நிரந்தர வதிவுரிமை கிடைத்த நாள் மூன்றாவது. ஒரே ஆள் மூன்று அட்டவணைகளில், மூன்று வேறு ஆண்டுகளில் தோன்றலாம். விசா எடுத்தும் போகாதவர் முதலாவதில் மட்டும் நிற்பார்.

கனடாவை எடுங்கள். 2023-இல் சுமார் 4,71,000 பேர் நிரந்தர வதிவாளர்களாக அனுமதிக்கப்பட்டார்கள் என்று அந்த அரசு சொல்கிறது. இதைக் கேட்டவுடன் ரொறன்ரோ விமானநிலையத்தில் பெட்டியோடு வரிசையில் நிற்கும் கூட்டம் கண்ணில் வரும். ஆனால் அந்த எண்ணுக்குள் மாணவராகவோ தற்காலிக வேலையிலோ ஏற்கெனவே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் ஏராளம். அவர்கள் 'வந்த' நாளில் வீட்டில் இருந்து கணினியில் ஒரு படிவத்தை உறுதிப்படுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஐக்கிய அமெரிக்காவிலும் அதே கதை. ஆண்டுதோறும் கிரீன் கார்ட் பெறும் பத்து இலட்சம் அளவிலானோரில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்பே உள்ளே இருப்பவர்கள். அந்த நாட்டின் இன்னோர் அட்டவணை, சுற்றுலா, வியாபாரம், படிப்பு என்று தற்காலிகமாக வருவோரைக் காட்டுவது. அது ஆட்களை எண்ணுவதே இல்லை, நுழைவுகளை எண்ணுகிறது. ஒரு வியாபாரி ஆண்டுக்கு ஆறு தடவை போய்வந்தால் அங்கே ஆறு.

நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: அரசு அட்டவணை பெரும்பாலும் மனிதரை எண்ணுவதில்லை, கதவு திறந்த தடவைகளை எண்ணுகிறது. எந்தக் கதவு என்று தெரியாமல் எண்ணை மட்டும் வாசித்துப் பயனில்லை.

இங்கிலாந்துத் தடுப்பில் ஓரிடத்தில் 32,000 என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 2,600 என்று இருக்கிறது. இரண்டும் அரசாங்கத்தின் கணக்கு. எது பொய்?

இரண்டும் உண்மை. இரண்டும் 2015-ஆம் ஆண்டுக்குரியவை.

2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை துறையடியில் ஓடிய மிதவைப் பாதையை நினைவிருக்கிறதா? பஸ், மாட்டுவண்டி, பள்ளிப் பிள்ளை, மீன்கூடை எல்லாம் ஏறும். ஆண்டில் எத்தனை பேர் கடந்தார்கள் என்று கேட்டால் ஒரு பதில். இந்த நிமிடத்தில் பாதையின் மேல் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால் வேறு பதில். அந்த ஆண்டில் பிரித்தானியத் தடுப்புக்குள் நுழைந்தவர்கள் 32,000-க்கு மேல். டிசம்பர் 31 அன்று உள்ளே இருந்தவர்கள் 2,600 அளவில். ஒன்று ஆண்டு முழுவதும் ஓடிய நீர், மற்றது அன்றைக்குக் குடத்தில் நின்றது.

இரண்டையும் வைத்து இன்னொன்று கண்டுபிடிக்கலாம். 2,600-ஐ 32,400-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். 29 வரும். சராசரியாக ஒருவர் ஒரு மாதம் அளவில் உள்ளே இருந்திருக்கிறார் என்பதற்கு அது ஒரு கைக்கணக்கு.

ஆனால் டிசம்பர் 31 என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டில் மற்றக் காலாண்டு இறுதிகளில் உள்ளே இருந்தவர்கள் 3,000-க்கு மேல். எந்த நாளில் எண்ணினார்கள் என்பது எண்ணை ஏற்றும், இறக்கும். நெல் கையிருப்பை அறுவடைக்கு முதல் நாளில் எண்ணுவதா, அடுத்த நாளில் எண்ணுவதா என்ற பழைய சண்டைதான் இது.

இன்னொரு நுணுக்கம். குடிவரவுக் காரணத்துக்காகச் சாதாரணச் சிறைகளில் வைக்கப்பட்டவர்களைப் பிரித்தானியா 2017-இன் நடுப்பகுதி வரை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. பிறகு சேர்த்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை அடிக்குறிப்பைப் பாராமல் ஒப்பிட்டு 'ஏறிவிட்டது' என்று எழுதுபவர் அவசரக்காரர்.

2012-இல் அவுஸ்திரேலியாவுக்குப் படகில் போனவர்கள் 17,000 என்கிறார் ஒருவர், 25,000 என்கிறார் மற்றவர். ஏன்?

ஒருவர் ஜனவரியில் இருந்து டிசம்பர் வரை எண்ணுகிறார். அப்படிப் பார்த்தால் 2012-இல் 17,000-க்குச் சற்று மேல். மற்றவர் அவுஸ்திரேலிய நிதியாண்டை எடுத்திருக்கிறார். அது ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடியும். 2012-13 நிதியாண்டில் 25,000-க்கு மேல். இவற்றில் படகோட்டிகள் சேர்க்கப்படவில்லை, அவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு.

அமெரிக்க நிதியாண்டு ஒக்டோபரில் தொடங்கும். கனடாவின் எல்லைச் சேவை ஏப்ரலில் இருந்து மார்ச் வரை தடுப்பைக் கணக்கிடுகிறது. மூன்று நாடுகளின் '2023' என்ற நிரலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், உண்மையில் மூன்று வேறு பன்னிரண்டு மாதங்களை ஒப்பிடுகிறீர்கள்.

2012 என்றால் திருகோணமலைக்காரருக்குப் புள்ளிவிபரம் வேண்டியதில்லை. அந்த ஆண்டில் இலங்கையில் இருந்து மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் அவுஸ்திரேலியக் கரை சேர்ந்தார்கள். நிலாவெளி, குச்சவெளி, சாம்பல்தீவுப் பக்கம் எந்த ஒழுங்கையில் கேட்டாலும் போன ஒருவரைத் தெரிந்தவர் இருப்பார்.

'சட்டவிரோதமாக வந்தவர்' என்று அட்டவணையில் போட்டிருக்கிறது. என் பிள்ளை குற்றவாளியா?

அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. படகில் வந்தவர்களை அவுஸ்திரேலிய அரசு முதலில் 'ஒழுங்குமுறை சாராத கடல்வழி வருகையாளர்' என்று எழுதிவந்தது. 2013 ஒக்டோபரில் அப்போதைய குடிவரவு அமைச்சர் ஸ்கொட் மொரிசன் 'சட்டவிரோத கடல்வழி வருகையாளர்' என்று எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் சுருக்கப் பெயர் மாறவே இல்லை. அதே நிரல், அதே மூன்றெழுத்து. சொல் மட்டும் குற்றம் சாட்டத் தொடங்கியது.

இதைவிட விநோதம் ஒன்று உண்டு. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி, படகில் வந்த பெற்றோருக்கு அவுஸ்திரேலிய மருத்துவமனையில் பிறந்த குழந்தையும் சட்டத்தின் கண்ணில் கடல் வழியாக வந்து சேர்ந்ததுதான். கடலையே பார்த்திராத கைக்குழந்தை, படகில் வந்தவர்களின் பட்டியலில் கிடக்கும்.

புகலிடம் கோருவது குற்றமாகாது என்பது 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் அடிப்படை. அட்டவணையின் தலைப்பு தீர்ப்பு ஆகாது.

அப்படியானால் தடுத்து வைக்கப்பட்ட எல்லோரும் ஏதோ ஒரு நிரலில் இருப்பார்கள்தானே?

இருக்க மாட்டார்கள். சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

2006-இல் சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கிளிவெட்டி முகாமில் பதிந்து நிவாரண அட்டை எடுத்தவர்கள் முகாம் கணக்கில் நின்றார்கள். நகரத்தில் அக்கா வீட்டு முன்னறையில் பாய் விரித்தவர்கள் அந்தக் கணக்கில் நிற்கவில்லை. வீடு இழந்தது இரண்டு பகுதியும்தான். எண்ணுகிற அலுவலகம் எங்கே மேசை போடுகிறதோ அங்கே இருப்பவர்தான் எண்ணில் வருவார். வெளிநாட்டுத் தடுப்பும் அதே விதிதான்.

2014 ஜூனில் புதுச்சேரியில் இருந்து 157 தமிழர்கள் ஒரு படகில் புறப்பட்டார்கள். அவுஸ்திரேலியச் சுங்கக் கப்பல் அவர்களை நடுக்கடலில் மறித்து ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே வைத்திருந்தது. சன்னல் இல்லாத அறைகளில் அடைத்திருந்தார்கள். 'கடல் மேல் நடப்பவை பற்றிப் பேசுவதில்லை' என்பது அப்போதைய அரசின் நிலைப்பாடு. எனவே அந்த நாட்களில் அவர்கள் கரைத் தடுப்பு நிலையங்களின் எண்ணிக்கைக்குள் இல்லை. பின்னர் அவர்கள் நவுறு தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2015 ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், நால்வர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாக, அந்தத் தடுப்பு சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்த்தது.

2014 ஜூலையில் வேறொரு படகில் இருந்த 41 பேர், கடலிலேயே நடந்த சுருக்கமான விசாரணைக்குப் பிறகு, மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்கள் அவுஸ்திரேலியாவில் அனுமதிக்கப்பட்டவர்களும் அல்லர், அங்கே தடுப்பில் இருந்தவர்களும் அல்லர். அவர்களின் அடுத்த கணக்கு காலி நீதவான் நீதிமன்றப் பதிவேட்டில் தொடங்கியது.

பிறகு டியாகோ கார்சியா. 2021 ஒக்டோபரில் கனடாவை நோக்கிப் போய்ப் பழுதாகிய படகில் 89 இலங்கைத் தமிழர்கள் அந்தத் தீவில் இறக்கப்பட்டார்கள், குழந்தைகளும் சேர்த்து. அது பிரித்தானியாவின் இந்து சமுத்திர ஆட்சிப்புலம். அமெரிக்க இராணுவத் தளம் அங்கேதான் இருக்கிறது. கூடாரங்களில், வேலிக்குள், காவலோடு சிலருக்கு மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2024 டிசம்பரில் அங்கிருந்த பெரும்பாலோர் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதே மாதம் அந்த ஆட்சிப்புலத்தின் நீதிமன்றம், இது சட்டவிரோதத் தடுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆனால் பிரித்தானிய உள்துறை காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அட்டவணை ஐக்கிய இராச்சியத்துக்குள் இருக்கும் தடுப்பை எண்ணுவது. மூன்று ஆண்டுகளாக எந்தக் காலாண்டைத் திறந்தாலும் அவர்களுக்கு அங்கே இடமில்லை. தீர்ப்பு வந்தபோது தடுப்பு என்று ஆயிற்று. எண்ணிக்கை அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது.

அமெரிக்காவிலும் மேசைகள் பல. ஐஸ் எனப்படும் குடிவரவு, சுங்க அமலாக்கப் பிரிவு தன் தடுப்பில் இருப்போரின் எண்ணிக்கையை வெளியிடுகிறது. 2025 ஓகஸ்டில் அது 60,000-ஐத் தாண்டியது. ஆனால் எல்லைக் காவல் நிலையங்களில் முதல் சில நாட்கள் வைத்திருப்பது வேறு பிரிவின் கணக்கு. பெற்றோர் இல்லாமல் தனியே வந்த சிறுவர்கள் சுகாதாரத் துறையின் பொறுப்பில் இருப்பார்கள், அது மூன்றாவது கணக்கு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 'அமெரிக்காவில் தடுப்பில் இத்தனை பேர்' என்று சொன்னால் அது குறைந்தபட்ச எண்.

நம் துறைமுகத்துக்கே கொண்டுவரப்பட்டவர்களின் கணக்கு?

நல்ல கேள்வி. யாரும் அதிகம் கேட்பதில்லை.

2024 டிசம்பர் 19 அன்று முள்ளிவாய்க்காலுக்கு அப்பால் தத்தளித்த ரோஹிங்கியாப் படகை மீனவர்கள் கண்டார்கள். கடற்படை அதைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. முதல் நாள் செய்திகளில் 102 பேர், அவர்களில் 25 பேர் குழந்தைகள். அடுத்தடுத்த நாட்களில் 115 என்று வந்தது. கடையில் ஒருவர் என்னிடம், "ஐயா, கரைக்கு வந்தபிறகு பெருகிவிட்டார்களா?" என்று கேட்டார். படகை ஓட்டியவர்கள் என்று பிரிக்கப்பட்ட 12 பேர் விளக்கமறியலுக்குப் போனார்கள். மிகுதி 103 பேர் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆக, ஒரே படகில் வந்தவர்கள் சில நாட்களில் இரண்டு வகையானார்கள். ஒரு பகுதி குற்றவியல் வழக்கின் எண், மறுபகுதி குடிவரவின் எண்.

பெண்களும் குழந்தைகளும் அந்த இறங்குதுறையில் இறங்கியபோது நகரில் இருந்து சாப்பாட்டுப் பொதிகளும் துணியும் கொண்டுபோனவர்கள் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும்தான். படகு அனுபவம் இல்லாத ஊரா இது. பின்னர் முகாமுக்குள் போக முயன்ற மனித உரிமைகள் ஆணைக்குழு அதிகாரிகளுக்கு முதலில் அனுமதி கிடைக்கவில்லை. தடுப்பு எண்ணிக்கையைச் சரிபார்க்க வெளியார் கண் வேண்டும். அதுவும் தடைப்பட்டால் மிஞ்சுவது அறிக்கை மட்டும்.

இலங்கை 1951-ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதி என்ற வகையே நம் சட்டத்தில் இல்லை. இல்லாத வகைக்கு நிரல் எங்கிருந்து வரும்?

இந்த எண்களில் தமிழர்கள் எத்தனை பேர்?

எந்த அட்டவணையும் சொல்லாது. அவை குடியுரிமையை எண்ணுகின்றன, இனத்தை அல்ல. 'ஸ்ரீலங்கா' என்ற வரியில் நீர்கொழும்புச் சிங்கள மீனவரும் மூதூர் முஸ்லிமும் நம்மவரும் சேர்ந்தே நிற்பார்கள். மேலே சொன்ன 41 பேரில் தமிழர் நால்வர் மட்டுமே.

எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழ்நாட்டு முகாமில் பிறந்து வளர்ந்து அங்கிருந்து படகேறிய பிள்ளை 'ஸ்ரீலங்கா' வரியிலும் வரலாம், 'நாடற்றவர்' வரியிலும் வரலாம், பதிந்த அதிகாரியின் பேனாவைப் பொறுத்தது. சண்முகநாதன் என்ற பெயரைப் பார்த்து நாம் எண்ணிவிடுவோம். கணினிக்கு அது தெரியாது.

இந்தியாவில் இருக்கும் நம்மவர்களின் கணக்கு?

1983-க்குப் பிறகு இங்கிருந்து போனவர்களும் அவர்களின் பிள்ளைகளுமாக, தமிழ்நாட்டில் முகாம்களில் சுமார் 58,000 பேர், பொலிஸில் பதிந்து முகாமுக்கு வெளியே வாழ்வோர் சுமார் 34,000 பேர் என்பது 2021-ஐ ஒட்டிய நிலவரம். அந்த ஆண்டு மாநில அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர்ப்பலகை மாறியது, குடியுரிமை நிலை மாறவில்லை.

சிறப்பு முகாம் என்று திருச்சியில் இருப்பது வேறு. பெயர் முகாம்தான். வெளியே போக முடியாது. உறவினர் இரண்டையும் குழப்பிக்கொண்டு 'முகாமில்தான் இருக்கிறான், பிரச்சினை இல்லை' என்று சொல்லும்போது, எந்த முகாம் என்று இரண்டாம் முறை கேளுங்கள்.

தடுப்பில் இருப்போர் தொகை குறைந்துவிட்டது, ஆனால் சராசரி நாட்கள் ஏறிவிட்டன. இது எப்படி?

அவுஸ்திரேலியாவில் 2013 ஜூலையில் தடுப்பு நிலையங்களில் 10,000-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பத்து ஆண்டு கழித்து ஆயிரத்தை ஒட்டி. ஆனால் உள்ளே இருப்பவரின் சராசரி நாட்கள் 2022-23 காலத்தில் 700-ஐத் தாண்டின.

புதிதாக வருவோர் குறைந்தால், குறுகிய நாட்களோடு நிற்பவர்களும் குறைவார்கள். எஞ்சுவது பழையவர்கள். சந்தை முடிந்தபின் தட்டில் கிடக்கும் மீனின் சராசரி வயதைப் போல. அதுமட்டுமல்ல, இந்தச் சராசரி இன்னும் வெளியே வராதவர்களின் இதுவரையான நாட்கள். கடைசியில் அவர் எத்தனை நாள் இருந்தார் என்பது வெளியே வரும்போதுதான் தெரியும்.

2023 நவம்பர் 8 அன்று அங்குள்ள உயர் நீதிமன்றம், திருப்பி அனுப்ப எந்த நாடும் இல்லாத ஒருவரை முடிவில்லாமல் அடைத்து வைக்க முடியாது என்று தீர்த்தது. 2004-இல் அதே நீதிமன்றம் சொன்னதற்கு நேர் எதிரான தீர்ப்பு. சில வாரங்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். சராசரி இறங்கியதை நல்லாட்சி என்று யாராவது எழுதினால், அந்தத் திகதியை நினைவில் வையுங்கள்.

சிறிய எண்களுக்குப் பதில் '5-க்குக் குறைவு' என்றோ கோடு என்றோ இருக்கிறதே?

ஆளை அடையாளம் காணாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. கனடா எண்களைக் கிட்டிய ஐந்தின் மடங்குக்கு மட்டந்தட்டுகிறது. அதனால் கூட்டிப் பார்த்தால் மொத்தம் இரண்டு மூன்று தள்ளி வரும். பிழை அல்ல.

ஒரு கப்பல் ஓர் ஆண்டின் கணக்கையே மாற்றிவிடுமா?

மாற்றும். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் கனடாவின் மேற்குக் கரையில் சேர்ந்தபோது இறங்கியவர்கள் 492 பேர். 380 ஆண்கள், 63 பெண்கள், 49 சிறுவர்கள். ஒரே காலையில் அத்தனை பேரும் தடுப்புக்குப் போனார்கள். அந்த மாதத்தை வைத்து 'இலங்கையர் வருகை பெருகிவிட்டது' என்று வரைபடம் போட்டவர்கள் உண்டு. அது போக்கு அல்ல, ஒரு கப்பல்.

அமெரிக்க எல்லையில் ஆண்டுக்கு இருபது இலட்சம் பேர் நுழைந்தார்களாமே?

அந்த எண்ணின் பெயர் 'எதிர்கொள்ளல்'. எல்லைக் காவலர் ஓர் ஆளைச் சந்தித்த தடவை. 2020 மார்ச்சில் இருந்து 2023 மே வரை, தொற்றுநோய்ச் சட்டத்தைக் காட்டி உடனடியாகத் திருப்பி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர் மறுநாள் மீண்டும் முயன்றார். 2021 நிதியாண்டில் பிடிபட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் ஏற்கெனவே பிடிபட்டவர்கள். நுழைந்தவர், தடுக்கப்பட்டவர், திருப்பப்பட்டவர் எல்லோரும் ஒரே எண்ணுக்குள்.

முகவர் ஒருவர் 'அவுஸ்திரேலியா இந்த ஆண்டு 20,000 பேரை எடுக்கிறது' என்று அரசின் பக்கத்தையே காட்டுகிறார். நம்பலாமா?

பக்கம் உண்மை. முகவர் பொய்.

2023-24 முதல் அவுஸ்திரேலியாவின் மனிதாபிமானத் திட்டத்தில் ஆண்டுக்கு 20,000 இடங்கள். முன்பு 13,750 ஆக இருந்தது. அவை விசாவோடு போவோருக்கும், முறையான விசாவில் போய் அங்கே பாதுகாப்புக் கோரி அங்கீகரிக்கப்படுவோருக்கும் உரியவை. 2013 ஜூலை 19-க்குப் பிறகு விசா இல்லாமல் படகில் போகும் ஒருவருக்கு அங்கே குடியேற இடமில்லை என்பது மாறி மாறி வந்த இரண்டு கட்சி அரசுகளின் கொள்கையும்தான். அந்த 20,000-க்கும் படகின் இருக்கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2022-இல், எரிபொருள் வரிசையில் ஊரே நின்ற அந்த மாதங்களில், 'அங்கே ஆட்சி மாறிவிட்டது, கதவு திறந்துவிட்டது' என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். எங்கள் கடலில் ட்ரோலர் ட்ரோலராகக் கடற்படை மறித்தது. அப்பால் போனவையும் திருப்பப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் கனடாவுக்கென்று ஏற்றப்பட்ட 303 பேர் வியட்நாம் கரையில் போய் இறங்கினார்கள். கனடாவின் எந்த அட்டவணையிலும் அவர்கள் இல்லை. தாலிக்கொடி அடகு வைத்த வீடுகளின் கணக்கை எந்த அரசும் வெளியிடுவதில்லை.

திருப்பி அனுப்பப்பட்டு வருவோர் இங்கே 1948-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டத்தின் கீழ் நீதவான் முன் நிறுத்தப்படலாம் என்பதையும் முகவர் சொல்ல மாட்டார்.

புகலிடம் ஏற்கப்படும் வீதத்தை எப்படிப் பார்ப்பது?

முதல் தீர்மானத்தின் வீதமா, மேன்முறையீட்டுக்குப் பிந்திய வீதமா என்று பாருங்கள். கைவிடப்பட்ட விண்ணப்பங்கள் வகுக்கும் தொகைக்குள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இவ்விரண்டும் தெரியாமல் வீதத்தைச் சொல்பவரோடு வாதிட வேண்டாம்.

இலங்கை அரசிடம் கணக்குக் கேட்க முடியுமா?

முடியும். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். 'தடுப்பு பற்றிய எல்லா விபரமும் தருக' என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. எந்தத் திகதியில், எந்த நிலையத்தில், எந்த நாட்டவர், எத்தனை பேர் என்று ஒரு வரியில் கேளுங்கள். நாற்காலியின் மறுபக்கத்தில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். தெளிவான கேள்விக்குத்தான் கோப்பைத் திறக்கக் கை போகும்.

எனக்கு எண் வேண்டாம். என் பிள்ளை எங்கே என்று தெரிய வேண்டும்.

அப்படியானால் அட்டவணையை மூடிவிடுங்கள்.

அமெரிக்காவில் ஐஸ் பிரிவின் இணையத் தேடல் வசதி இருக்கிறது. வயது 18-க்கு மேற்பட்டவரை வெளிநாட்டவர் பதிவு எண்ணும் பிறந்த நாடும் கொண்டோ, பெயரும் பிறந்த நாடும் கொண்டோ தேடலாம். அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் அப்படிப் பொதுத் தேடல் இல்லை. அங்கே வழக்கறிஞர் வழியாகவோ, தடுப்பு நிலையத்துக்குப் போய்ப் பார்க்கும் தொண்டர் குழுக்கள் வழியாகவோதான் போக வேண்டும். தொடர்பே அறுந்துவிட்டால் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்புச் சேவைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

தேடும்போது பெயரின் எழுத்துக்களை ஒன்றுக்கு நாலு விதமாகப் போட்டுப் பாருங்கள். நம் பெயர் முறை வெள்ளைக்காரப் படிவத்துக்குள் பொருந்துவதில்லை. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் இருக்கும், படிவத்தில் அது பிள்ளையின் பெயராகிவிடும். முதலில் சொன்ன அந்தத் தாய் மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். இம்முறை மகன் அமெரிக்கா போய்விட்டதாக முகவர் சொல்லியிருந்தார். மகன் பெயரைப் போட்டோம், இல்லை. தகப்பன் பெயரை மகன் பெயராகவும், மகன் பெயரைக் குடும்பப் பெயராகவும் மாற்றி, இடையில் ஒரு ஆங்கில 'எச்' எழுத்தை எடுத்துவிட்டுப் போட்டோம். ஒரு வரி வந்தது. பிறந்த நாடு இலங்கை, நிலை: தடுப்பில். கீழே ஒரு நிலையத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அவர் தன் கொப்பியில் அந்த எண்ணை இரண்டு தடவை எழுதினார், ஒன்று அழிந்தால் மற்றது இருக்கட்டும் என்று. அங்கே அப்போது இரவு. அங்கே விடியும்வரை என் விறாந்தையிலேயே இருந்துவிட்டுப் போனார்.